நாலு கை மாறுன வண்டி

ஈரோடு பஸ்ஸேதானுங்க, சந்தேகமே வேண்டாம், உக்காருங்க. பையத் தூக்கி மேல வெச்சுருங்க. இல்ல, வேண்டாம், மேல வெச்சா மறந்துட்டு எறங்கிருவீங்க. மடியிலயே வெச்சுக்கங்க. மடியில வெச்சா காலு மரத்துப் போகும், அதுவும் ஒண்ணு இருக்குது. சரி, உங்க இஷ்டமுங்க. நான் சட்டுனு ஒரு முடிவு சொல்றவன் இல்லீங்க. எதா இருந்தாலும் ரோசனை பண்ணித்தான் சொல்லுவேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கோபிதான் ஊரு. தாலுக்கா ஆபீஸுல இருந்து ரிட்டையர் ஆயி மூணு வருசமாச்சு. இப்ப ஈரோட்டுக்கு எதுக்குப் போறேன்னா, கார் வாங்கறதுக்கு. கரண்ட்டுக் காரு. பழைய கரண்ட்டுக் காரு. இந்தா பாருங்க, சட்டைப் பாக்கெட்டுல அட்வான்ஸு. வெத்தலையில மடிச்சு வெச்சிருக்கேன். இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துப் போடோணும். நாளைக்கு ஆடி ஒண்ணு. ஆடியில எவனாச்சும் வண்டி வாங்குவானுங்களா?

வாங்கலீன்னா என்ன ஆயிரும்னு கேப்பீங்க. வண்டி போனாப் போகுதுங்க. என்ற சம்சாரம் சாந்தாமணி நேத்துச் சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா. சத்தம் போட்டுச் சொல்லல. பயறு புடைச்சுக்கிட்டே சொன்னா. "ஏனுங்க, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இத முடிக்கலீன்னா, இனி உங்ககிட்ட எதையுமே நான் கேக்க மாட்டேன்"னு. திட்டியிருந்தாப் பரவால்லீங்க. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். கேக்கவே மாட்டேன்னா என்னங்க அர்த்தம்? ராத்திரிச் சோறு எறங்கலீங்க எனக்கு.

தை மாசத்துல ஆரம்பிச்சதுங்க இது. ஆறு மாசம்னு சொன்னா நீங்க நெம்ப நாளுன்னு நெனைப்பீங்க. நிதானமாப் பண்ற காரியத்துக்கு ஆறு மாசம் ஒரு காலமே இல்லீங்க. ஆபீஸுல நான் ஒரு பட்டா மாறுதல் ஃபைல ஒம்பது வருசம் வெச்சிருந்தேன். முப்பத்திரண்டு வருச சர்வீஸுல என்ற கையெழுத்துல தப்பான உத்தரவு ஒண்ணுகூடக் கெடையாது. "சரியான உத்தரவும் கெடையாது"ம்பா சாந்தாமணி. அவ இப்படி ஏதாச்சும் வெளையாட்டாச் சொல்லுவா. எல்லா ஃபைல்லயும் "பேசவும்"னு எழுதி மேல அனுப்பிருவேன். மேல இருக்கறவிய "குறிப்புடன் சமர்ப்பிக்கவும்"னு கீழ அனுப்புவாங்க. இப்படியே போனா எங்கீங்க தப்பு நடக்கும்?

சாந்தாமணி சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவ. ஓய்வு பெத்த மறு வாரமே என்ன பண்ணுனா தெரியுங்களா? டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டா. அம்பத்தெட்டு வயசுல! மொதத் தடவையிலயே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிட்டா. அந்த லைசென்ஸுக்குக் குங்குமம் வெச்சு சாமி படத்துக்குப் பக்கத்துல சாத்தி வெச்சிருக்கறா. "இதெல்லாம் எதுக்கு சாந்தா, நாந்தான் மொபெட்டு ஓட்டறனே"ன்னேன். "முப்பத்தொரு வருசமா உங்க முதுகத்தான் பாத்துட்டு வாரேன், ஒருக்கா ரோட்டப் பாக்கோணும்"னுட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. ரோட்டுல பாக்கறதுக்கு என்ன இருக்குது?

சரி, ஆசப்படறாளேன்னு ஒரு ஃபைலு போட்டேன். நெசமாத்தானுங்க. அட்டை போட்டு, "பழைய மின்சாரக் கார் வாங்குதல் தொடர்பாக"ன்னு மேல எழுதி, பக்கத்துக்கெல்லாம் செவப்பு இங்க்குல நெம்பர் போட்டு. பெட்ரோல் காருன்னா எனக்கு அவ்வளவு ரோசனை வராது. கரண்ட்டு காருங்கறதால எல்லாத்தையும் விசாரிக்கோணுமல்ல? மழையில ஓட்டுனா ஷாக் அடிக்குமா? கரண்ட்டு பில்லு வீட்டுக் கணக்கா, கடைக் கணக்கா? வண்டி ஓடறப்ப ஊருல கரண்ட்டு போச்சுன்னா என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விய டாக்டர்கிட்டக் கேட்டப்ப அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

டாக்டருன்னா பல் டாக்டருங்க. நிரஞ்சன்னு பேரு, எங்க கோபியிலயே கிளினிக் வெச்சிருந்தாரு. வண்டியோட மொத ஓனரு அவருதான். வெள்ளைக் கலரு, ஒரு கீறல் கெடையாது. கனடாவுக்குப் போறாருன்னு வண்டிய விக்கறாரு. ஒரு சார்ஜுக்கு இருநூத்தி முப்பது கிலோமீட்டரு ஓடும்னாரு. ஓட்டிப் பாக்காம எப்படீங்க நம்பறது? "டாக்டரே, எங்க நிக்குதுன்னு பாத்தாத்தான எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரியும்"னு சொன்னேன். நாயமான பேச்சுத்தானுங்க அது? அவரும் பாவம், நல்ல மனுசன், சரீன்னுட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழம வெடியால கெளம்புனோம். கோபியில இருந்து சத்தியமங்கலம், சத்தியில இருந்து கோபி, மறுக்கா சத்தி, இப்படியே போறதும் வர்றதுமா. சாந்தாமணி கட்டுச் சோறு கட்டிக் குடுத்திருந்தா. புளிச்சோறுங்க. இருநூறு தாண்டுனதும் டாக்டரு "போதுமுங்களா?"ன்னாரு. "இன்னும் நிக்கலீங்களே"ன்னேன். இருநூத்தி இருபத்தெட்டாவது கிலோமீட்டருல, கொடிவேரிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமா, நாலு பக்கமும் நெல்லு வயலு, அங்க நின்னுபோச்சு. எனக்கு ஒரே சந்தோசம். "டாக்டரே, ரெண்டு கிலோமீட்டரு கொறையுது பாத்தீங்களா"ன்னு கைகுடுத்தேன். அவரு கையக் குடுக்கல. ரெண்டு பேருமாத் தள்ளிக்கிட்டுப் போயி ஒரு ரைஸ் மில்லுல வயர் இழுத்து சார்ஜு போட்டோம். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டது, பொழுது எறங்கறப்ப வீடு வந்து சேர்ற அளவுக்கு ஏறுச்சு. அன்னிக்குன்னு பாத்து அவரு மத்தியானத்துக்கு மேல ரெண்டு பேருக்குப் பல்லு புடுங்கறதா இருந்துச்சாம். "வாங்கிக்கறீங்களா?"ன்னு வாசல்ல நின்னு கேட்டாரு. "ரோசனை பண்ணிச் சொல்றனுங்க"ன்னேன். அதுக்கப்பறம் அவருக்கு எம்மேல என்ன கோபமோ தெரியல, ஃபோன் எடுக்கறதில்ல.

அடுத்தது ஒரு மெக்கானிக்குகிட்டக் காட்டோணுமல்ல? எங்க தெருவுல தங்கமுத்துன்னு ஒருத்தன். டீசல் வண்டிக்கு அவனவிட்டா ஆளில்ல. கூட்டிட்டுப் போனேன். அவன் பானட்டத் தொறந்து காத வெச்சுக் கேட்டான். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டான். நிறுத்தச் சொல்லிக் கேட்டான். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுன்னான். அடியில படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சு, "அண்ணா, இதுல எனக்கு வேலையே இல்லீங்க"ன்னான். மெக்கானிக்குக்கு வேலை இல்லீங்கறது நல்லதா, கெட்டதா? ஃபைல்ல எழுதி வெச்சேன், "மெக்கானிக் தமக்கு வேலை இல்லை என்கிறார், காரணம் கேட்கவும்"னு. கேக்கலாம்னு அடுத்த வாரம் போனா, அந்த வண்டி அவன் பட்டறை வாசல்ல நிக்குது! அவன் வாங்கிட்டான்!

"ஏப்பா தங்கமுத்து, இப்படிப் பண்ணிட்டயே"ன்னேன். "அண்ணா, நாள் பூராவும் அடுத்தவன் வண்டிய ரிப்பேர் பாக்கறேன், என்ற வண்டியாச்சும் ரிப்பேர் இல்லாம இருக்கட்டுமுங்க"ன்னான். அவன் வெளிய அப்படிச் சொல்றான். எனக்குத் தெரியாதுங்களா? எனக்காகத்தான் வாங்கியிருக்கறான். ஓட்டிப் பாத்துச் சொல்றதுக்கு. கைக்காசு போட்டு அடுத்தவனுக்காக ஒருத்தன் வண்டிய வாங்கி ஓட்டிப் பாக்கறான்னா, அந்த மனசு யாருக்குங்க வரும்? சாந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ என்னையவே பாத்துட்டிருந்தா. அவளுக்கும் மனசு நெகிழ்ந்து போச்சுன்னு நெனைக்கறேன்.

அப்பறம் ஞாயித்துக்கிழமயானா நான் அவங்கூட வண்டியில போயிருவேன். எறக்கத்துல போறப்ப பேட்டரி தன்னால சார்ஜ் ஏறுதுங்க, கவனிச்சிருக்கறீங்களா? திம்பம் மலையில இருந்து பண்ணாரிக்கு எறங்குனோம், நாலு பாயிண்ட்டு ஏறிப்போச்சு. எனக்கு அப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. போறப்பவும் எறக்கம், வர்றப்பவும் எறக்கம், அப்படி ஒரு ரோடு கெடைச்சா கரண்ட்டே வேண்டாமல்ல? தங்கமுத்து வண்டிய நிறுத்திப்போட்டு ஒரு நிமிசம் ஸ்டியரிங்குல தலைய சாச்சுக்கிட்டான். நான் சொன்னதுல அப்படியே அசந்துட்டான். நான் ஹைவேஸ் ஆபீஸுக்கே ஒரு லெட்டரு போட்டேன், இந்த மாதிரி ரோடு நம்ம மாவட்டத்துல எங்கீங்க இருக்குதுன்னு. பதில் இன்னும் வரல. பரிசீலனையில இருக்குதாட்ட இருக்குது.

நீங்க எங்கீங்க எறங்கோணும்? சித்தோடா? அப்பச் சரி, நேரமிருக்குது.

சித்திரையில தங்கமுத்து வண்டிய விக்கறேன்னான். டீசல் மெக்கானிக்கே கரண்ட்டு வண்டியில போறானேன்னு பட்டறைக்கு வர்ற ஆளு கொறஞ்சு போச்சாம். "அண்ணா, உங்களுக்கே குடுத்தர்றேன், இன்னிக்கே சொல்லுங்க"ன்னான். சாந்தாமணி பின்னால நின்னு என்ற முழங்கைய இடிச்சா. இப்ப வண்டி ரெண்டாவது ஓனருகிட்ட இருக்குது, அப்ப நான் மூணாவது. மூணுன்னா வீட்டுல ஆகுமா ஆகாதான்னு ஒரு வார்த்தை கேட்டரலாம்னு சோசியர்கிட்டப் போனேன்.

சோசியரு பேரு குப்பண்ணன். நெம்பக் கெட்டிக்காரரு. வண்டிக்கு ஜாதகம் எழுதோணும், பொறந்த நாள் ஆர்சி புக்குல இருக்குது, பொறந்த நேரம் வேணும்னுட்டாரு. வேற ஒருத்தரு நெம்பருல இருந்து பல் டாக்டருக்கு ஃபோன் பண்ணி, "வண்டிய ஷோரூமுல இருந்து எடுத்தப்ப மணி என்னங்க?"ன்னு கேட்டேன். அவரு கனடாவுல இருந்தாரு, அங்க என்ன நேரமோ என்னமோ, நான் இதுவரைக்கும் டாக்டர்க வாயில கேட்டிராத ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டாரு. அப்பறம் சோசியரே ஒரு உத்தேசத்துல கணிச்சாரு. வண்டிக்குச் சுவாதி நட்சத்திரம். எனக்கு அஸ்தம். பத்துக்கு மூணு பொருத்தந்தான். அதுலயும் ரஜ்ஜு இல்லீங்க. "ரஜ்ஜு இல்லீன்னா என்னங்க ஆகும்?"னேன். "கல்யாணம்னா பொண்ணுக்கு ஆகாது. இங்க பேட்டரிக்கு ஆகாது"ன்னாரு. அவ்வளவு துல்லியமாச் சொல்றாருங்க.

விட்டுப்போட்டேன். நாலு நாளு கழிச்சுப் பாத்தா வண்டி சோசியரு வீட்டு வாசல்ல நிக்குது. மாலை போட்டிருக்குது, எலுமிச்சம்பழம் கட்டியிருக்குது. ஓடிப் போயி, "சோசியரே, பத்துக்கு மூணுதான்னு சொன்னீங்க"ன்னேன். "அது உங்களுக்கு. எனக்கு ஒம்பது பொருந்துது"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. எனக்கு வர வேண்டிய தோசத்த அவரு தலையில ஏத்திக்கிட்டாரு பாருங்க. சாந்தாமணிகிட்டச் சொன்னேன். அன்னிக்கு அவ சமைக்கல. தலைவலின்னு படுத்துக்கிட்டா.

ஆனா சோசியருக்கும் வண்டிக்கும் சரிப்படலீங்க. நல்ல ஓரை பாத்துத்தான் சார்ஜு போடுவாரு, அதனால ஒருநாளும் முழுசா ஏறாது. ரோட்டுல போறப்ப ராகுகாலம் வந்துட்டா வண்டிய ஓரங்கட்டி நிறுத்திருவாரு. ஒன்றரை மணி நேரம். ஒருக்கா லெவல் கிராசிங்குக்குப் பக்கத்துல நிறுத்திப்போட்டு உக்காந்துட்டாருன்னு பேச்சு வந்துச்சு. அதெல்லாம் கொஞ்சம் அதிகந்தானுங்க. சாஸ்திரம் பாக்கலாம், அதுக்காக இப்படியா? ஆனி பொறந்ததும் அவரே சொல்லியனுப்பிச்சாரு, வண்டி குடுக்கறதா இருக்கறேன்னு.

இந்தத் தடவ சாந்தாமணி, "நீங்களும் வேண்டாம், சோசியரும் வேண்டாம், ஆத்தாளையே கேட்டரலாம்"னு என்னையக் குலதெய்வக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிட்டா. பூக் கேக்கறது தெரியுமுங்களா? வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம், ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சு ஆத்தா முன்னால போட்டுக் கும்பிட்டு, ஒண்ண எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா காரியத்தப் பண்ணலாம். அங்க சாமி கும்பிட வந்த ஒரு அம்மா எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சா வெள்ளை! சாந்தாமணி பொட்டணத்த அப்படியே கண்ணுல ஒத்திக்கிட்டா. கோயிலுன்னுகூடப் பாக்காம என்ற கையப் புடிச்சுக்கிட்டா. புதுசாக் கல்யாணமானப்பப் புடிச்சது.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். நம்ம கேள்விய ஆத்தாளுக்கு ஒழுங்காச் சொன்னமா? கார் வாங்கலாமான்னு கேட்டமே தவிர, பழைய காருன்னு சொல்லலியே? பேட்டரியப் பத்திச் சொல்லவே இல்ல. பூசாரிகிட்ட இன்னொருக்கா போடச் சொன்னேன். செவப்பு வந்துருச்சு. பாத்தீங்களா! மூணாவது தடவ போட்டோம், வெள்ளை. ரெண்டுக்கு ஒண்ணு. "மெஜாரிட்டி வந்துருச்சுங்களே"ன்னாரு பூசாரி. இது என்ன பஞ்சாயத்து எலக்சனுங்களா? நாலாவது போடுங்கன்னேன். "ஆத்தாளுக்கு வேற வேலை இருக்குதுங்க"ன்னு தட்டத் தூக்கிட்டு உள்ள போயிட்டாரு. சாந்தாமணி என்ற கைய விட்டுட்டு முன்னாலயே நடந்து போயி பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டா.

சரி, அவ வருத்தப்படறாளேன்னு, வண்டி வர்றதுக்கு முன்னால வீட்டுல பிளக்கையாச்சும் ரெடி பண்ணலாம்னு வயர்மேன் அருளானந்தத்த வரச் சொன்னேன். ஈரோட்டுல இருந்து வந்தான். எர்த்து போடறதுக்குக் குழி தோண்டற வரைக்கும் நான் பக்கத்துல சேரு போட்டு உக்காந்து வண்டியப் பத்தி அவனுக்கு எல்லாத்தையும் சொன்னேன். இப்ப உங்களுக்குச் சொல்றேனல்ல, அதே மாதிரி. எத்தன கிலோமீட்டரு, எந்த எறக்கத்துல எத்தன பாயிண்ட்டு, ரைஸ் மில்லு, ரஜ்ஜு, எல்லாம். மூணு மணி நேரம். சாந்தாமணி ரெண்டு தடவ டீ கொண்டாந்து குடுத்துட்டு கதவோரமா நின்னு அவளும் கேட்டா. கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமே ஆயிருக்கும்.

ரெண்டே நாளு. அருளானந்தம் சோசியருகிட்ட வண்டிய வாங்கிட்டான். நாலாவது ஓனரு. எங்க வீட்டுல போட்ட அந்தப் பிளக்குல இப்பக் கிரைண்டரு ஓடுதுங்க.

நான் பாக்க ஆரம்பிச்சப்ப அது ஒத்தை ஓனரு வண்டி. நான் பாத்துட்டிருக்கறப்பவே நாலு கை மாறிப்போச்சு. இதுல இருந்து என்ன தெரியுது? நான் வாங்காதது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு தெரியுது. நாலு பேரு வித்த வண்டிய நாம எப்படீங்க நம்பி வாங்கறது? நேத்துச் சாந்தாமணிகிட்ட இதச் சொன்னேன். அப்பத்தான் பயறு புடைச்சுக்கிட்டு அந்த வார்த்தையச் சொன்னா. கேக்கவே மாட்டேன்னு.

அருளானந்தம் எதுக்கு விக்கறானா? அவன் இன்னும் பெருசா ஒண்ணு பாத்து வெச்சிருக்கறானாம். "அண்ணா, உங்களுக்குன்னே நிறுத்தி வெச்சிருக்கறேன், வெள்ளிக்கெழம பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள வேற ஆளு வந்து பணத்த நீட்டுனா மட்டும் எம்மேல வருத்தப்படாதீங்க"ன்னான். அவன் வீடு எங்கீங்களா? நீங்க எதுக்குங்க கேக்கறீங்க? ஃபோன் நெம்பரா? நெம்பரு இருக்குது, ஆனா இருங்க, மொதல்ல நான் ஒரு முடிவு பண்ணிக்கறேன்.

சிக்கலு எங்கன்னா, இன்னிக்கு வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகுகாலம், பன்னெண்டுக்குத்தான் முடியுது. வெடியால எட்டு மணிக்கே போயிக் குடுத்திருக்கலாம், அவ எழுப்பித்தான் விட்டா. எழுப்பிப்போட்டு ஆறு மணிக்கெல்லாம் கோயிலுக்குப் போறேன்னு கெளம்பிட்டா. நான் திண்டாடிப்போட்டேன். நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையான்னே ஒம்பதரை ஆயிப்போச்சு. அதனால என்ன பண்ணப் போறேன்னா, அருளானந்தம் வீட்டு வாசல்லயே உக்காந்துக்குவேன். பன்னெண்டு அடிக்கறப்ப ராகுகாலமும் முடியுது, அவன் சொன்ன கெடுவும் முடியுது. ரெண்டுக்கும் நடுவால ஒரு நிமிசமாச்சும் இருக்குமல்ல? அந்த நிமிசத்துல குடுத்துருவேன்.

கவுந்தப்பாடி வந்துருச்சுங்க. இங்க பத்து நிமிசம் போடுவான். டீ சாப்படறீங்களா? நான் எறங்கல, எறங்குனா சீட்டு போயிரும்.

சித்த இருங்க. அந்தா எதுத்தாப்புல வெள்ளையா ஒண்ணு வருது பாருங்க. சத்தமே இல்லாம. அதே மாதிரி வண்டிதானுங்க. அதே மாதிரி என்னங்க, அதேதான்! நெம்பரப் பாருங்க, இந்த நெம்பரு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். அருளானந்தம் எதுக்கு இங்க... அட, அவன் இல்லீங்க. பொம்பளையாட்ட இருக்குது. பச்சைச் சேல. எங்க சாந்தாமணிகிட்டயும் இதே மாதிரி ஒரு...

ஏனுங்க. அது சாந்தாமணிங்க.

இங்கயேதான் வர்றா. நிறுத்தறா. சித்த இருங்க, நான் ஜன்னல் பக்கம் வந்துக்கறேன். ஏ சாந்தா! ஏய், இங்க! என்னது இது?

கேட்டீங்கல்ல? நீங்களும் பக்கத்துல இருந்து கேட்டுட்டுத்தான இருந்தீங்க? எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. எப்ப வாங்குனேன்னேன். எட்டு மணிக்குங்கறா. எங்கிட்டக் கேக்கவே இல்லையேன்னேன். "தை மாசத்துல இருந்து கேட்டுட்டுத்தான இருந்தேன்"ங்கறா. வண்டி நல்ல வண்டியா, எல்லாம் பாத்தியான்னேன். "நீங்கதான் பாத்துட்டீங்களே. உங்களாட்டம் அந்த வண்டியப் பாத்த ஆளு இந்த ஊருலயே கெடையாது"ங்கறா. சிரிச்சுக்கிட்டே சொன்னா, பாத்தீங்கல்ல? கோவத்துல சொல்லல. நான் அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தனையோ வருசமாச்சுங்க. மூஞ்சியே வேற மாதிரி இருந்துச்சு. அப்பறந்தான அந்த வார்த்தையக் கேட்டா. "வர்றீங்களா?"ன்னு. கதவ வேற தொறந்து விட்டுட்டுக் கேட்டா.

வர்றேன்னு சொல்லக் கூடாதுன்னு எனக்கென்னங்க? ஆனா மணி பத்து இருபத்தாறு. எறங்கறதுக்கு ஒரு நிமிசம், ரோட்டத் தாண்ட ஒரு நிமிசம், நடுவுல ஒரு லாரி வந்தா அதுக்கு ஒரு நிமிசம். மொதமொத நம்ம வண்டியில ஏறி உக்காரறப்ப ராகுகாலம் பொறந்துருச்சுன்னா? ஈரோட்டுக்கு டிக்கெட்டு வேற எடுத்துட்டேன். என்ற ஃபோனுல இருபத்தாறு, பஸ் கடிகாரத்துல இருபத்தொம்பது. எதுங்க சரி? கண்டக்டரக் கேட்டா, அவரு ரெண்டும் தப்புங்கறாரு. "சித்த இரு சாந்தா, ஒரு ரோசனை பண்ணிச் சொல்றேன்"னேன். அவ்வளவுதானுங்க நான் சொன்னது. மாட்டேன்னா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க, மாட்டேன்னா சொன்னேன்?

"சரி, நீங்க ரோசிங்க"ன்னா. கதவச் சாத்துனா. கண்ணாடிய ஒருக்கா திருப்பிச் சரி பண்ணிக்கிட்டா. ஹாரன் அடிச்சா, எதுத்து வந்த ஒரு லாரிக்காரனே ஒதுங்கிட்டான். வண்டிச் சத்தமே வரலீங்க, போயிட்டா. கோபிப் பக்கந்தான் போறா. நல்லாத்தான் ஓட்டறா, இல்லீங்க? நேராப் போறா. நான் கூட இருந்தாத்தான் இவ்வளவு வேகம் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.

கண்டக்டரு விசில் குடுத்துட்டாரு. நான் எறங்கலீங்க. ஈரோட்டுக்கே போறேன். அருளானந்தம் எதுக்கு அவ்வளவு சீக்கிரமா வித்தான்னு விசாரிக்கோணுமல்ல? அஞ்சாவது ஓனரு இவ. இனி வாங்கறதுன்னா நான் இவகிட்டத்தான் வாங்கோணும். ஆடி போகட்டும், ஆவணியில மெதுவாப் பேச்செடுத்துப் பாக்கலாம்.

டிரைவிங் கத்துக்கிட்டத விட்டா, முப்பத்தொரு வருசத்துல எங்கிட்டக் கேக்காம அவ செஞ்ச மொதக் காரியம் இது. பாக்கெட்டுல இந்த வெத்தல வேற வாடிப் போச்சு.

ஆனா ஒண்ணுங்க. இனிமே எதையும் கேக்க மாட்டேன்னு சொன்னவ, நிறுத்தி, "வர்றீங்களா?"ன்னு கேட்டாளே. அது கேள்விதானுங்களே? அப்ப அவ இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறா. நாந்தான் பதில் சொல்லல. இப்பச் சொல்லலாம். ஃபோனப் போட்டு, "வர்றேன் சாந்தா"ன்னு ஒரு வார்த்தை. நெம்பரக்கூட எடுத்துட்டேன் பாருங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்குனா எதுத்த பஸ்ஸப் புடிச்சுரலாம். அவ எங்கயாச்சும் ஓரமா நிறுத்தி வெச்சுட்டு எனக்காகப் பாத்துட்டுக்கூட இருக்கலாம்.

மணி பத்து முப்பத்தொண்ணு ஆயிப்போச்சுங்களே.

பன்னெண்டு மணிக்கு ஃபோன் பண்ணட்டுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?